என் மகளுக்கு நான் போட்ட அறுபத்திரண்டு

1

போன வாரம் எனக்கு நிரந்தர வசிப்பிட அனுமதிக் கடிதம் வந்தது. நான் கோலாலம்பூருக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்த அதே மாதம். கல்யாணமாகி வந்த ஒருத்தியிடம் "சரி, நீ இருக்கலாம்" என்று சொல்ல இந்த நாட்டுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இத்தனை வருடமும் கையில் கல்யாணப் பதிவுச் சான்றிதழ், கல்யாண போட்டோ, பக்கத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த கணவர் என்று குடிநுழைவு அலுவலகக் கவுன்டர்களில் நின்றிருக்கிறேன். இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பித்து வீட்டுக்கு வந்ததும் அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன். கடிதம் வந்தால் துள்ளிக் குதிப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். படித்து, மடித்து, பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன்.

செய்தி வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போனது. நாமக்கல்லில் என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த புவனா டீச்சர் உடனே கூப்பிட்டார். ஓய்வு பெற்றபின் ஆசிரியர்களுக்காக ஒரு சின்ன மாத இதழ் நடத்துகிறார். வாழ்த்தெல்லாம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"வசந்தி, உன் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்தப் பத்தி எழுதிக் குடு. பெல்லே அடிக்க மாட்டாங்களாமே. பிள்ளைங்களே பாடம் சொல்லித் தருவாங்களாமே. நம்ம டீச்சருங்க நாலு பேர் படிச்சுத் திருந்தட்டும்."

எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் திருத்துகிற நிலையில் நான் இல்லை. அந்தப் பள்ளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, அது அவ்வளவு நன்றாக இல்லை.

2

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தம். அரசாங்க இடைநிலைப்பள்ளிதான். நான்கு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். மலாய், சீனம், தமிழ் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் படிக்கிற இடம். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற பள்ளிகளைப் போலத்தான் இருக்கும்.

உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும். இங்கே பல பள்ளிகளில் பிள்ளைகளை மதிப்பெண் பார்த்து வகுப்பு பிரிப்பார்கள். முதல் வகுப்பில் கெட்டிக்காரர்கள், அப்படியே இறங்கிக்கொண்டே போய்க் கடைசி வகுப்பு. கடைசி வகுப்பில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று இந்த ஊர்த் தமிழர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். என் மகள் தர்ஷினியின் பள்ளியில் சீட்டுக் குலுக்கித்தான் வகுப்பு பிரிக்கிறார்கள். மணி அடிப்பதில்லை. நேரம் பார்த்துப் பிள்ளைகளே எழுந்து அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். முதல் படிவத்துக்கு, அதாவது நம் ஏழாம் வகுப்புக்கு, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குத் தினமும் காலை முதல் மணி நேரத்தைக் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளில் ஒரு குழுதான் நடத்துகிறது. ஆசிரியர் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மேலிடத்து அனுமதியோடு நடக்கிற சோதனை முயற்சி என்றார்கள்.

இந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது என் கணவர் மனோகரன். அவர் பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்தவர். தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறையும் ரயில் வேலை. நான் தலைதலையாய் அடித்துக்கொண்டு பார்த்தேன், அவர் மசியவில்லை.

"நான் கடைசி கிளாஸ்ல இருந்தவன் வசந்தி. அஞ்சு வருஷமும் ஒரு சிக்குகூட எங்க பேரக் கூப்டு பேசினதில்ல. என் பொண்ணு கடைசி கிளாஸ்லயும் இருக்க வேணாம், முதல் கிளாஸ்லயும் இருக்க வேணாம்லா."

ஆசிரியரை இங்கே சிக்கு என்று அழைப்பார்கள். தலைமையாசிரியை சிக்கு ரோஸ்னா என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த மலாய்க்காரப் பெண்மணி. முதல் பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து, பிள்ளைகளின் ரேங்க்கை எப்போது சொல்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ரேங்க் இல்லை என்றார். அப்படியென்றால் என் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "அவளிடம் கேளுங்கள்" என்றார். அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்க வைப்பதற்காகவே அண்டை மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் போட்டுவிட்டுப் போகிற பள்ளியில் ஏழு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். கொண்டுவந்து விடுகிற அப்பாக்கள் வாசலிலேயே, "தோல உரிச்சாலும் பரவால்லீங்க டீச்சர், மார்க் வரோணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கோடையில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போவேன். மின்விசிறி சுற்றியும் சுற்றாமலும் இருக்கிற ஒரு பள்ளி அறையில் கட்டுக்கட்டாகத் தாள்கள். முதல் வருடம் ஒரு பிள்ளைக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். மேலே பார்வையிடுகிறவர் அதைப் பார்த்து, "என்ன டீச்சர், உங்க வீட்டுச் சொத்தா, இப்படி அள்ளிக் குடுக்கறீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அலகு எழுதவில்லை என்று அரை மதிப்பெண்ணைக் குறைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு குறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடித்தான் ஒவ்வொரு தாளையும் திறந்தேன். என்னிடம் நல்ல பெயர் வாங்குவது லேசில்லை என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும்போது உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

கல்யாணமாகி இங்கே வந்ததும் டீச்சர் வேலை போனது. என் பாஸில் வேலை செய்யக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அனுமதி வாங்கியபிறகும் அரசாங்கப் பள்ளி எனக்கு இல்லை. மலாய் தெரியாது, இங்கத்திய பயிற்சிச் சான்றிதழும் கிடையாது. வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் தமிழை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம், மலாய்க்கு அவசியமே வராது. கிளினிக், வங்கி என்று எங்கே போனாலும் மனோகரனோ தர்ஷினியோ கூட வந்து எனக்காகப் பேசிவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை கவுன்டரில் எக்கி நின்று எனக்காகப் பேசியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

4

நான்காம் படிவத்தில் அந்தப் பள்ளியில் ஒரு கட்டாயம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கு வெளியே உள்ள ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு விஷயத்தை, ஒரு வருடம் சொல்லித் தர வேண்டும். வருடக் கடைசியில் கற்றுக்கொண்டவர் பள்ளி மண்டபத்துக்கு வந்து அதைச் செய்து காட்டுவார். பிறகு சொல்லித் தந்த பிள்ளைக்கு அவரே மதிப்பெண் போடுவார், காரணத்தையும் சபையில் படிப்பார். பள்ளி ஆசிரியர்கள் அதில் தலையிட மாட்டார்கள்.

தர்ஷினி என்னைத் தேர்ந்தெடுத்தாள். என் நிரந்தர வசிப்பிட நேர்காணல் அந்த வருடக் கடைசியில் வரும் என்று தெரிந்திருந்தது. அங்கே மலாயில்தான் கேட்பார்கள்.

"மா, நான் உங்களுக்கு மலாய் சொல்லித் தரேன். ஆனா ஒண்ணு, நான் சொல்றபடிதான் கேக்கணும். நீங்க டீச்சர் கிடையாது, நான்தான் டீச்சர். ஓகேவா?"

சந்தோஷமாகத் தலையாட்டினேன். மறுநாளே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வைத்தேன். அவள் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

அவள் பாடம் நடத்திய இடம் பாசார், நம் ஊர்ச் சந்தை மாதிரி. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவாள். மலாய்க்கார மீன்காரர் ஒருவரின் கடை முன்னால் என்னை நிறுத்திவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்று கைப்பேசியைப் பார்ப்பாள். நான் திக்குவேன், விரலைக் காட்டுவேன், அவளைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். நிமிர்ந்தே பார்க்க மாட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க? வந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நான் வாயத் தொறந்தா நீங்க தொறக்க மாட்டீங்க மா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே ஒரு பிழையைச் சொல்வாள். ஒன்றுதான். இன்னும் என்னென்ன தப்பு என்று நான் கேட்டால், "அவ்ளோதான். எல்லாத்தையும் சொன்னா அடுத்த வாரம் பயந்துருவீங்க" என்பாள். ஒரு தாளில் இருபது தப்பு இருந்தால் இருபதையும் சிவப்பில் சுழித்துத்தான் எனக்குப் பழக்கம். இது பாடமே இல்லை, ஊர் சுற்றுவது என்று மனோகரனிடம் முணுமுணுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ இப்ப மீன்காரன்ட்ட சண்டை போடறியே, அது என்ன பாஷை?" என்றார். அது என் காதில் ஏறவில்லை.

அவளுக்குத் தெரியாமல் ஒரு மலாய் இலக்கணப் புத்தகம் வாங்கினேன். அவள் பள்ளிக்குப் போனபிறகு உட்கார்ந்து படித்தேன். மண்டபத்தில் பேசுவதற்கு என்று மூன்று பக்கம் எழுதி, காற்புள்ளி அரைப்புள்ளியோடு மனப்பாடம் செய்தேன். மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே என்று ஆரம்பிக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளைக் கட்டுரை மனப்பாடம் செய்ய வைத்த அதே மாதிரி.

5

அன்றும் ஒரு சனிக்கிழமை காலைதான். மண்டபம் நிறைய ஆட்கள். எனக்கு முன்னால் ஒரு சீன ஆன்டி, வெளிநாட்டில் இருக்கும் தன் மகனோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசக் கற்றிருந்தார். மேடையிலேயே மகனைக் கூப்பிட்டுப் பேசினார். அட்டையில் நூறு என்று எழுதி, போதாது என்று இன்னொரு பூஜ்யத்தையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். அடுத்து கிள்ளானிலிருந்து வந்த லோரி ஓட்டுநர் ஒருவர். எஸ்டேட்டில் பிறந்து பள்ளிக்கே போகாதவராம். ஒரு பெண் பிள்ளை அவருக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுத்திருந்தாள். செய்தித்தாளின் தலைப்பு ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிட்டு அப்படியே அழுதுவிட்டார். அவரும் நூறு போட்டார். இதெல்லாம் மார்க்கா, அன்பளிப்பா என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. மேடையேறி மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் கணீரென்று வந்தது. மூன்றாவதில் ஒரு வார்த்தை தவறியது. அந்த வார்த்தை போனதும் மூன்று பக்கமும் போய்விட்டது. முதல் வரிசையில் இருந்த தர்ஷினி உதட்டை மட்டும் அசைத்து, மீனைப் பத்திப் பேசுங்க மா, என்றாள். புரிந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் மீனைப் பற்றியா பேசுவது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னாலிருந்து யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாலர் பள்ளி ஆண்டு விழாவில் ஆட்டத்தை மறந்துவிட்டு நிற்கிற குழந்தைக்குத் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல்.

அட்டையை நீட்டினார்கள். பேச்சுதான் வரவில்லை. ஆனால் மதிப்பெண் போடுவது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை. இலக்கணம் முறையாகச் சொல்லித் தரவில்லை, பதினைந்து குறைவு. நோட்டு எழுத வைக்கவில்லை, பத்து. மாதிரித் தேர்வு ஒன்றுகூட வைக்கவில்லை, பத்து. மாணவரின் சந்தேகங்களுக்கு உடனே பதில் சொல்லவில்லை, மூன்று. நூறில் முப்பத்தெட்டு போனால் அறுபத்திரண்டு. எழுதி, அடியில் என் பெயரைப் போட்டு, காரணங்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் படித்தேன். அதில் ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை.

சிக்கு ரோஸ்னா அருகில் வந்து, "நிச்சயமாகத்தானா?" என்று கேட்டார். நான் ஏழு வருடம் விடைத்தாள் திருத்தியவள் என்றேன்.

6

ரயிலில் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். "ஏன் அப்டிப் போட்ட?" என்று மனோகரன் கேட்டார். உண்மையைப் போட்டேன், அம்மா என்பதற்காக அள்ளிக் கொடுக்க முடியுமா என்றேன். தர்ஷினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் அறைக் கதவைத் தட்டி, பாசாருக்குப் போகலாமா என்று கேட்டேன். "வருஷம் முடிஞ்சிருச்சு மா" என்றாள்.

பத்து நாள் கழித்து, காலை வகுப்பு நடத்தும் குழுவின் பட்டியல் வந்தது. அதில் சேர, கற்றவர் போட்ட மதிப்பெண் குறைந்தது எண்பது இருக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. தர்ஷினியின் பெயர் பட்டியலில் இல்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மனோகரன்தான் சொன்னார். தர்ஷினி வீட்டில் இல்லை.

"அவ டீச்சர் ஆகணும்னு நெனச்சா, தெரியுமா உனக்கு? ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தா. அந்தக் குரூப்ல செலக்ட் ஆனப்புறம் அம்மாகிட்ட நானே சொல்றேன், அது வரைக்கும் சொல்லாதீங்கன்னா. அம்மா மாதிரின்னு சொன்னா வசந்தி. உன்ன மாதிரி."

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் தலையில் துணி கட்டிய, என் வயதுப் பெண் அதிகாரி. பெயர், முகவரி என்று கேட்டு முடித்தார். வீட்டில் சமைப்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன மீன் வாங்குவீர்கள் என்றார். அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது. கெம்போங் மீன், நம் ஊரில் கானாங்கெளுத்தி என்போம், அது முந்தாநாள் மீனா இன்றைய மீனா என்று செவுளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது, மீன்காரர் பழசை அடியில் மறைத்து வைப்பது, அதற்கு நான் போட்ட சண்டை என்று எல்லாவற்றையும் மலாயில் கொட்டினேன். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். புத்தகத்தில் படித்த மலாய் மாதிரி இல்லையே, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

"அனாக் சாயா" என்றேன். என் பிள்ளை.

நல்ல ஆசிரியர், நான் பாராட்டியதாக அவளிடம் சொல்லுங்கள் என்றார்.

நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் எப்படிப் போச்சு என்று தர்ஷினி கேட்டாள். நல்லாப் போச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். அதிகாரி சொன்னதைச் சொன்னால் அறுபத்திரண்டு தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

7

அப்படியே ஏழு மாதம் ஓடியது. தர்ஷினி ஐந்தாம் படிவத்துக்குப் போனாள். வீட்டில் அவள் பேச்சு குறைந்துபோனது. சாப்பிட்டியா, சாப்டேன். எத்தனை மணிக்கு வருவ, நாலு மணிக்கு. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், "அக்கவுன்டிங்" என்பாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இருக்காது.

கடிதம் வந்த அன்று அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "கங்கிராட்ஸ் மா" என்று சொல்லி அறைக்குள் போனாள். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மறுநாள் தனியாக ரயிலேறிப் பள்ளிக்குப் போனேன்.

சிக்கு ரோஸ்னாவிடம் மலாயிலேயே பேசினேன். நான் போட்ட மதிப்பெண்ணை மாற்ற வேண்டும், முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். இந்தப் பள்ளியில் போட்டவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டால் எந்த மதிப்பெண்ணையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமாம். புது அட்டை ஒன்றைக் கொடுத்தார். தொண்ணூற்றைந்து என்று எழுதினேன். நூறு போட அப்போதும் எனக்குக் கை வரவில்லை.

பழைய அட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று தர்ஷினியின் கோப்பை எடுத்து வந்து என் முன்னால் திறந்தார். அறுபத்திரண்டு, அதன் கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே நான் அறியாத ஒரு பகுதி இருந்தது. கற்றவர் காரணம் சொன்னபிறகு, தன் பக்கம் என்ன தவறு என்று சொல்லிக் கொடுத்த பிள்ளையும் எழுத வேண்டுமாம். தர்ஷினியின் சின்ன எழுத்தில் நாலு வரி மலாயில் இருந்தது.

"என் மாணவி கூட்டத்தைக் கண்டால் பயப்படுவார். அது எனக்குத் தெரியும். மீன் கடையில் நன்றாகப் பேசுகிறார் என்பதால் மண்டபத்திலும் பேசிவிடுவார் என்று நினைத்தேன், அதற்கு அவரைத் தயார் செய்யவில்லை. அறுபத்திரண்டு சரியான மதிப்பெண்."

சிக்கு ரோஸ்னா எனக்கு வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நானே வாசித்தேன். எந்த வார்த்தைக்கும் யாரிடமும் பொருள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாமக்கல்லில் என் வகுப்பில் தோற்ற பிள்ளைகளின் பெயர்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் கூட்டத்தில் காரணம் கேட்பார்கள். வீட்டில் கவனிப்பு இல்லை, பிள்ளைக்கு அக்கறை இல்லை, அடிப்படை சரியில்லை என்று சொல்வேன். ஏழு வருடத்தில் ஒரு முறைகூட, நான் சொல்லிக் கொடுத்தது போதவில்லை என்று சொன்னதில்லை. அப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்றே தோன்றியதில்லை. மேடையில் திக்கி நின்றவள் நான். என் பிழைகளை எண்ணி என் மகளுக்குக் குறைத்தேன். அவளோ நான் குறைத்ததையே நியாயம் என்று எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் கோப்பின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்று அழுத மாதிரி நான் ஊரைவிட்டு வந்த அன்றுகூட அழவில்லை.

8

சாயங்காலம் தர்ஷினி கூடத்தில் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் முன்னால் வைத்தேன்.

"தர்ஷி, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

எடுத்துப் படித்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அன்னைக்குப் போட்டது பொய்யா, இது பொய்யா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டும் சரியென்று எந்தத் தாளிலும் போட முடியாது.

"அன்னைக்குப் போட்டதுதான். மேடையில எனக்குப் பேச்சு வரல, அவமானமா போச்சு. அந்தக் கோவத்த உன் தலையில எறக்கிட்டேன். நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. இன்டர்வியூல அந்த ஆபீசரே சொன்னாங்க, நல்ல டீச்சர்னு. உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அட்டையை மறுபடி ஒரு முறை படித்தாள்.

"தெரியும் மா."

"என்ன தெரியும்?"

"கோவத்துலதான் போட்டீங்கன்னு. முன்னாடிதானே உக்காந்திருந்தேன். உங்க மூஞ்சியப் பாத்துட்டேதான் இருந்தேன்."

"அப்ப ஒரு சைன் போடு. சிக்குகிட்ட நான் பேசறேன், அந்தக் குரூப்ல உன்ன..."

"குரூப் ஆரம்பிச்சு எத்தனை மாசம் ஆச்சு மா. இப்பப் போய் என்ன செய்ய? வேணாம், விடுங்க."

அட்டையைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். என்னால் விட முடியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் அறுபத்திரண்டு சரின்னு எழுதி வெச்ச?"

"வேற என்ன எழுதறது? எங்கம்மா கோவத்துல பொய் மார்க் போட்டாங்கன்னா? அந்த ஃபைல மத்த பசங்களும் எடுத்துப் படிப்பாங்க மா."

சட்டையின் அடுத்த கையை விரித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அவள் எழுதாமல் விட்டதை நான் இங்கே என் பெயர் போட்டு எழுதிவிட்டேன். அச்சில் வந்ததும் அவளிடம் காட்டலாம். ஆனால் அவளால் இதைப் படிக்க முடியாது. அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துத் தெரியாது. தமிழ்ப்பள்ளி வேண்டாம், மலாயில் நடக்கிற தேசியப் பள்ளியில் சேர்க்கலாம், தமிழ் எழுத்தை வீட்டில் நானே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் என்று, அவளை முதல் வகுப்பில் சேர்த்த அன்றைக்கு மனோகரனிடம் சொன்னவள் நான்தான்.